இரண்டாவது தவமணிக்கு ஒரு விமானச் சீட்டு

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றினார்.

எங்கள் படுக்கையறை வாசலில் நின்று, கட்டிலில் தலை முதல் கால் வரை வெள்ளைத் துணியால் மூடிக் கிடந்த உருவத்தைக் கண்டதும்தான் கழற்றினார். அவருக்குப் பின்னால் நின்ற கான்ஸ்டபிளும் கழற்றினார். துணி மடிப்புகளுக்குள் நான் முடிந்து வைத்திருந்த கற்பூரம் வேறு அறை முழுவதும் மணத்துக்கொண்டிருந்தது.

“எப்போது நடந்தது?” என்று சிங்களத்தில், மரண வீட்டுக் குரலில் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி தவமணி தேநீர்த் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு, துணியின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளேயிருந்து ஒரு யாளி, பல்லைக் காட்டியபடி, அரசாங்க உத்தியோகத்தர் இருவரையும் பார்த்தது.

வீணை. கட்டிலில் கிடந்தது ஒரு வீணை.

சார்ஜன்ட் தொப்பியைத் திரும்பவும் போட்டுக்கொண்டார். ஆனால் அவர் கையிலிருந்த தாள் அப்படியேதான் இருந்தது. அந்தத் தாளின்படி எங்கள் வீட்டில், ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு அடையாள அட்டையே இல்லை. பொலிஸில் கொடுத்திருந்த வீட்டு ஆள் பட்டியலில் ஒருத்தி மட்டுமே இருந்தாள். மற்றவள் பிறந்தது தஞ்சாவூரில். இருவரும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானத்தில் போக அனுமதி கேட்டிருந்தார்கள்.

நகரில் குண்டு வெடித்திருந்த காலம் அது. கண்டியில் ஒரு தமிழ் வீட்டுக்காரனின் நித்திரையைக் கெடுக்க மேலே சொன்னவற்றில் ஏதாவது ஒரு வசனம் போதும். இரண்டு வசனம் சேர்ந்தால் அவன் வேறு இடத்தில் நித்திரை கொள்ள வேண்டிவரும்.

அந்த விபரங்களையெல்லாம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவன் வேறு யாருமல்ல. நான்தான்.

முறை வைத்த வீணை

என் மாமனார் இரண்டு பெண்களைப் பெற்று, ஒரு வீணை வாங்கியவர். தஞ்சாவூருக்குப் போய், தலைமன்னார்க் கப்பலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். நாலடிக்கு மேல் நீளமான சாமானை எப்படி மடியில் வைத்தார் என்று நான் ஒருமுறை கேட்டேன். அதன் பிறகு அந்த வீட்டில் எனக்குக் கொஞ்ச நாள் மரியாதை குறைந்திருந்தது.

மூத்தவர் பூமணி அக்கா. இளையவள் தவமணி. எங்கள் கலியாணத்தின்போது மாமனார் ஒரு தீர்ப்புச் சொன்னார். வீணை மூன்று வருஷம் தங்கச்சியிடம், பிறகு மூன்று வருஷம் அக்காவிடம், இப்படியே மாறி மாறி. எழுத்தில் ஒன்றும் இல்லை. எழுதி ஒரு சாட்சிக் கையெழுத்தும் வைப்போம் என்று நான் சொன்னேன். மாப்பிள்ளை பகிடி விடுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

வீணை யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் புறப்பட்டு, பேராதனைச் சந்தியில் இறங்கி, கண்டிக்கு வந்து எங்கள் முன்னறை மூலையில் அமர்ந்தது. மூன்று வருஷம் முடிந்தபோது தவமணிக்குக் கைக்குழந்தை. அடுத்த வருஷம் மழை. அதற்கடுத்தது பாடசாலைச் சங்கீத விழா. பிறகு கலவரம், பிறகு இன்னொரு கலவரம், பிறகு ரயில் நின்றது, பிறகு பாதை மூடியது.

காரணங்கள் அத்தனையும் உண்மை. ஆனால் நடுவில் ரயில் தினமும் ஒழுங்காக ஓடிய வருஷங்களும் இருந்தன. அவற்றைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

இப்படியாக மூன்று வருஷம் முப்பத்தொரு வருஷமாயிற்று. அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து, தணிக்கையாகி, ஓரம் நைந்து, பூமணி அக்காவின் கடிதம் கிடைத்தது.

“தவம், வலக்கைச் சின்ன விரல் மடங்கிப் போச்சு. தாளத் தந்திக்கு இனி ஆள் பிடிக்கத்தான் வேணும். மற்ற ரெண்டு விரலும் இன்னும் சொல்லுக் கேக்குது. அதுகள் கேக்கிற காலத்துக்குள்ள என்ர முறையைத் தா.”

தவமணி அந்தக் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்தாள். பிறகு எடுத்தாள். பிறகு வைத்தாள். பின்னேரம் என்னிடம் வந்து, “இஞ்சருங்கோ, பிளேனில வீணை கொண்டுபோக என்ன முறை?” என்று கேட்டாள்.

முப்பத்துநாலு வருஷம் கண்டிக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், படிவங்களோடு குடும்பம் நடத்தியவனிடம் கேட்கக் கூடாத கேள்வி அது.

கடுகண்ணாவைப் பெட்டி

வீணை பார்வைக்குத்தான் கம்பீரம். உள்ளுக்கு நோயாளி. அதன் விரல் வைக்கும் மெட்டுகள் ஆணியால் அடித்தவையல்ல, மெழுகில் பதித்தவை. வெயிலில் இளகும், குளிரில் வெடிக்கும். தந்திகளை இறுக்கியபடி கொண்டுபோனால் ஏதாவது முறியும். முழுதாகத் தளர்த்தினால் தந்தி தாங்கும் குதிரை சரியும். யாளியின் காது மெல்லியது. சுரைக்குடுக்கையைத் தட்டினாலே போதும்.

இவற்றையெல்லாம் தலைப்புவாரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பரிகாரம் எழுதினேன். தந்தி: பாதி தளர்த்தல். குதிரை: அடியில் பஞ்சு கொடுத்து, துணிப்பட்டையால் கட்டல். குடுக்கை: கழற்றித் தனியே சுற்றல். மெட்டு: பழைய பருத்திச் சேலை, மூன்று மடிப்பு. தவமணி அந்தப் பட்டியலை வாசித்துவிட்டு, தனக்கு முதற்பிள்ளை பிறந்தபோது இவ்வளவு ஆயத்தம் நடக்கவில்லை என்றாள்.

அடுத்தது பெட்டி. கடுகண்ணாவையில் நல்ல தச்சர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். நாலரையடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், உள்ளே மெத்தை, வெளியே கைபிடி நாலு என்று சொன்னேன். தச்சர் சீவுளியைக் கீழே வைத்தார். என்னை வாங்கில் இருத்தினார். மனைவியைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

“சின்ன ஆளா, மாத்தையா?” என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்.

விஷயத்தை விளக்கியபின் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. இரக்கப்பட்டதைத் திருப்பி எடுக்க முடியாத மனிதரின் கோபம். என்றாலும் பெட்டியை அருமையாகச் செய்து தந்தார். அதைக் கண்டிக்குக் கொண்டுவந்த வழியில் இரண்டு வாகனங்கள் ஒதுங்கி நின்று மரியாதை செய்தன.

அந்தப் பெட்டி விமானத்தில் ஏறாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. விமானக் கம்பனியிடம் அளவைக் கேட்டு எழுதியிருந்தேன். பதில் பெட்டிக்குப் பிறகு வந்தது. இன்றும் அது எங்கள் வீட்டில் இருக்கிறது. அரிசி வைக்கிறோம்.

ஆசனத்துக்கு ஒரு பெயர்

நகரில் ஒரு கடைக்கு மேல்மாடியில் ரமீஸ் என்ற இளைஞன் விமானச் சீட்டு எடுத்துக் கொடுக்கும் கந்தோர் வைத்திருந்தான். என் பட்டியலை மரியாதையோடு வாசித்துவிட்டு ஓரமாக வைத்தான்.

“சேர், சாமான் பக்கம் போட்டா நான் பொறுப்பில்ல. அங்க எல்லாத்தையும் எறியிறதான். வீணைக்கு ஒரு சீட்டு எடுங்கோ. மேடத்துக்குப் பக்கத்துல வெச்சு, பெல்ட்டும் போட்டுட்டுப் போகலாம்.”

“வீணைக்குச் சீட்டா?”

“இருக்கிறது யாருண்டு சீட்டுக்குத் தெரியாதே, சேர். பேரு ஒண்டு மட்டும் வேணும். பேரு இல்லாட்டி லிஸ்டுல ஏறாது.”

வீணை என்றே எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ரமீஸும் அதைத்தான் சொன்னான். பயணியின் பெயர் என்ற கட்டத்தில் பொருளின் பெயரை எழுதுவது முறையல்ல என்று அவனுக்கு விளக்கினேன். பொருளுக்கு உரிமையாளர் யாரோ, அவர் பெயரில்தான் பதிய வேண்டும். ஒரே பெயரில் இரண்டாவது கோப்பு திறந்தால் பெயருக்குப் பின்னால் 2 என்று போடுவது கச்சேரி வழக்கம். ஆகவே, முதலாவது ஆசனம் தவமணி. இரண்டாவது ஆசனம் தவமணி 2.

ரமீஸ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். ஓய்வு பெற்றவர்களோடு வாதாடுவதில் அவனுக்கு அனுபவம் இருந்தது. எழுதிக்கொண்டான்.

“போக மட்டுமா, சேர், வரவுமா?”

“மனிசிக்குப் போக வர. வீணைக்குப் போக மட்டும்.”

பக்கத்தில் இருந்த தவமணி, “ரெண்டுக்கும் வரவும் போடுங்கோ” என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த விமானப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கட்டும்” என்றாள்.

பாதுகாப்பு அனுமதிக்கு ஆசனத்துக்கு ஒரு படிவம். நான் சேவையில் இருந்தபோது கீழுள்ளவர்களுக்கு ஒரு பாடம் சொல்வதுண்டு: கட்டத்தை வெறுமையாக விடாதே, விட்டால் அதில் இன்னொருவன் எழுதுவான். அந்தக் கொள்கைப்படி இரண்டாவது படிவத்தையும் சிங்களத்தில், என் நல்ல கையெழுத்தில் நிரப்பினேன். பால்: பெண். (ஆண் என்று எழுத மனம் வரவில்லை.) பிறந்த இடம்: தஞ்சாவூர். வயது: ஐம்பதுக்கு மேல். தொழில்: சங்கீதம். அடையாள அட்டை: இல்லை. பயண நோக்கம்: சகோதரியிடம் சேர்தல்.

பொய் ஒன்றும் இல்லை. பின் பக்கத்தில் குறிப்புகள் என்ற இடத்தில் தெளிவாக எழுதினேன்: மேற்படி பயணி ஒரு வீணை.

பின் பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். நானே என் சேவைக் காலத்தில் வாசித்ததில்லை. என்றாலும் எழுதி வைப்பது முறை.

இரண்டு கிழமை கழித்துத்தான் சார்ஜன்ட் வந்து தொப்பியைக் கழற்றினார்.

அழகான வட்டம்

சார்ஜன்ட் நல்ல மனிதர். தேநீரைக் குடித்தார். யாளியின் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் சங்கடத்தைச் சொன்னார். அவருக்குக் கொடுத்த தாளில் இரண்டே விடைகள்தான் இருந்தன. ஆள் இருக்கிறார், அல்லது இல்லை. இருக்கிறார் என்றால் ஏன் பட்டியலில் இல்லை? இல்லை என்றால் இல்லாத ஆளின் பெயரில் சீட்டு எடுத்தது யார்? இரண்டில் எதை எழுதினாலும் நான் உள்ளே. மரம் என்று எழுத அதில் இடமில்லை.

விமானக் கம்பனியிடம், பயணி ஒரு பொருள் என்று கடிதம் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார். கம்பனியோ, பெயர்ப்பட்டியல் பாதுகாப்பு அமைச்சுக்குப் போய்விட்டது, அமைச்சு சொல்லாமல் மாற்ற முடியாது என்றது. அமைச்சு, பொலிஸ் அறிக்கை வரட்டும் என்றது. பொலிஸ், கம்பனிக் கடிதம் எங்கே என்றது.

இந்த வட்டம் எனக்குப் புதிதல்ல. கச்சேரியில் இதைவிட அழகான வட்டங்களை நானே போட்டிருக்கிறேன். அவற்றுக்குள் எத்தனை பேரைச் சுற்றவிட்டேன் என்ற கணக்கு அந்த நாட்களில்தான் நினைவுக்கு வரத் தொடங்கியது.

விமானத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒரே விண்ணப்பத்தில் இரண்டு பெயரும் இருந்ததால், இரண்டாவதற்கு அனுமதி கிடைக்கும்வரை முதலாவதும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அடுத்த முறை எப்போது விமானம், எப்போது அனுமதி, யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டுகளில் விமானம் திடீரென்று நிற்கும். மாதக்கணக்காக நிற்கும்.

நான் ஆறாவது கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது தவமணி வந்து நின்றாள்.

“உந்தக் கடிதம் போய்ச் சேர முன்னம் அக்காவின்ர மிச்ச விரலும் மடங்கிப் போயிடும்.”

“வேற என்ன செய்யச் சொல்லுறாய்? முறை எண்டு ஒண்டு இருக்கு.”

“ஆளைக் காட்டச் சொல்லித்தானே கேட்டவை? காட்டுவம். வெளிக்கிடுங்கோ.”

மெனிக்கேயின் அம்மா

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வீணை ஆள்வேஷம் போட்டது இது முதல் தடவையல்ல.

எங்கள் குறுகிய ஒழுங்கைத் தெருவில் பின் வேலிக்கு அடுத்த வீடு சிங்களப் பெண்மணி மெனிக்கேயினுடையது. அவரும் தவமணியும் ஒரே பாடசாலையில் படிப்பித்தவர்கள். இரண்டாவது கலவரம் நடந்த அந்த ஆடி மாதம், நகரத்தில் கடைகள் எரிந்த புகை வாவிக்கு மேலால் வந்துகொண்டிருந்தபோது, நாங்கள் உடுத்த உடுப்போடு புறப்பட்டோம். தவமணி மட்டும் வீணையை விடமாட்டேன் என்று நின்றாள். மெனிக்கே வேலிக்கு மேலால் கையை நீட்டி, “டீச்சர், இங்கே தா. நீ போ” என்றார்.

பின்னேரம் ஒழுங்கைக்குள் ஆட்கள் வந்தார்கள். எங்கள் கதிரைகளையும் அலுமாரியையும் தெருவில் போட்டு எரித்தார்கள். பிறகு மெனிக்கேயின் வீட்டுக்கு வந்து, தமிழ் வீட்டுச் சாமான் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

மெனிக்கே வீணையைத் தன் கட்டிலில் கிடத்தி, குடுக்கைப் பக்கம் தலையணை வைத்து, கழுத்துவரை கம்பளியால் மூடி, யாளியின் முகத்தில் ஈரத்துணி போட்டிருந்தார். பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். கதிரையைப் போட்டு அமர்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

“அம்மா. இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை” என்றாராம்.

மெனிக்கேயின் அம்மா செத்து அப்போது நாலு வருஷம். அது அந்த ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். வாசலில் நின்றவர்களில் இரண்டு பேர் அந்தச் செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டவர்கள். அவர்கள் கட்டிலைப் பார்த்தார்கள். மெனிக்கேயைப் பார்த்தார்கள். போய்விட்டார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது எங்களுக்கு மிஞ்சியது சுவரும் அந்த வீணையும்தான். தவமணி ஆறு மாதம் அதைத் தொடவில்லை. மெனிக்கேதான் வந்து வந்து தூசு தட்டிவிட்டுப் போவார். “அம்மாவைக் கவனிக்க ஆளில்லை” என்று குறை சொல்வார்.

இருவரும் ஆஜர்

பொலிஸ் நிலையத்துக்குப் போக மெனிக்கேயின் மருமகனுடைய வான் வந்தது. முன்னால் மெனிக்கே. பின்னால் தவமணி, வீணை, நான். எனக்கு இரண்டு உத்தரவு. சுரைக்குடுக்கைப் பக்கத்தைப் பிடித்திருக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. என் கோப்பை மடியில் வைத்திருக்க மட்டும் அனுமதி கிடைத்தது.

வழியில் காவலரணில் வானை மறித்தார்கள். துணியால் மூடியிருப்பது என்ன என்று சிப்பாய் எட்டிப் பார்த்தபோது, மெனிக்கே பழைய பழக்கத்தில் “அம்மாவுக்கு…” என்று தொடங்கினார். தவமணி பின்னாலிருந்து கிள்ளிய கிள்ளில் வசனம் பாதியில் நின்றது. துணியை விலக்கிக் காட்டினோம். போகச் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு நாற்பது வயதிருக்கும். மேசை முழுவதும் கோப்புகள். தவமணி யாரையும் கேட்காமல், அவர் முன்னாலிருந்த இரண்டு கதிரைகளில் ஒன்றில் வீணையின் குடத்தை வைத்து நிமிர்த்தினாள். முதுகுச் சாய்வுக்கு மேலால் யாளி தலை நீட்டியது. மற்றக் கதிரையில் தான் அமர்ந்தாள். நான் பின்னால் நின்று, கலியாணப் படத்துக்கு நிற்பவனைப் போல வீணையின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

தவமணியின் சிங்களம் முப்பது வருஷம் வகுப்பறையில் ஊறியது. என்னுடையதைவிடச் சுருக்கமானது.

“முதலாவது நான். இரண்டாவது இது. கேள்வி இருந்தால் கேளுங்கள்” என்றாள்.

இன்ஸ்பெக்டர் வீணையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சார்ஜன்ட் வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் படிவத்தை எடுத்து, பிறந்த இடம், வயது, தொழில் என்று ஒவ்வொன்றாக வாசித்தார்.

“பின் பக்கத்தைத் திருப்புங்கள்” என்றாள் தவமணி.

திருப்பினார். என் வாழ்நாளில் ஓர் அரசாங்க உத்தியோகத்தர் குறிப்புகள் என்ற பகுதியை வாசித்ததை அன்றுதான் கண்டேன். உரத்து வாசித்தார்: “மேற்படி பயணி ஒரு வீணை.”

தாளை மேசையில் வைத்தார்.

“இதை எழுதியது யார்?”

“இவர்தான். கச்சேரியில் இருந்தவர்.”

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். அந்த ஒரு விளக்கம் அவருக்குப் போதுமாக இருந்தது. மெனிக்கே சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது அவர் எழுந்து வந்து குடத்தை விரல்முட்டியால் தட்டினார். தட்டிய இடம் ஆழமாகச் சத்தம் போட்டது.

“உள்ளே என்ன?”

“காற்று.”

“திறந்து பார்க்கலாமா?”

தவமணியின் கை குடத்தின் மேல் போனது. அதுவரை அவள் குரலில் இருந்த வகுப்பறை இறங்கிப் போய்விட்டது.

“திறக்கலாம்” என்றாள். “பிறகு மூட முடியாது. மூடினாலும் இது வீணையாக இருக்காது. என் அக்காவிடம் கொண்டுபோகிறேன். இருபத்தெட்டு வருஷம் பிந்திவிட்டது.”

நான் கோப்பைத் திறக்கப் போனேன். மெனிக்கே என் கையைத் தட்டிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் டோர்ச் ஒன்று கேட்டு வாங்கினார். பலகையிலிருந்த சிறு துளைகளுக்குள் வெளிச்சத்தைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்தார். அந்த வீணைக்குள் அப்படிப் பார்த்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். பிறகு நிமிர்ந்து, எழுதலாம் என்றார்.

அப்போது சார்ஜன்ட் குறுக்கிட்டார். படிவத்தில் பால் பெண் என்று இருப்பதால், சோதனையைப் பெண் பொலிஸ்தான் செய்ய வேண்டும் என்றார். அந்தக் கணத்தில் அவர்மேல் எனக்கு ஒரு சகோதர பாசமே பிறந்தது. நடைமுறை தெரிந்த மனிதர் நாட்டில் நான் மட்டுமல்ல.

பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாளியின் கழுத்திலிருந்து கீழே வரை இரு கையாலும் தடவிப் பார்த்தாள். சுரைக்குடுக்கையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். அறிக்கையைச் சார்ஜன்ட் எழுதினார். பிரதி ஒன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்:

இருவரும் நேரில் ஆஜர். இரண்டாமவரைப் பெண் பொலிஸ் சோதித்தார். ஆட்சேபத்துக்குரிய எதுவும் இல்லை. வாக்குமூலம் அளிக்கவில்லை.

ஒரு தலை குறைவு

அனுமதி விமானத்துக்கு முதல் நாள் வந்தது. கொழும்பில் பயணிகள் கூடும் இடம்வரை நானும் போனேன். அங்கே ஒரு சிப்பாய் நான் போட்டிருந்த முடிச்சுகள் அத்தனையையும் அவிழ்த்துப் பார்த்தான். அத்தனையையும் நான் திரும்பக் கட்டினேன். விமான நிலையத்துக்குப் போகும் பஸ்ஸின் திரைகளை இழுத்து மூடினார்கள். அதற்கு மேல் எனக்கு அனுமதியில்லை.

மிச்சம் தவமணி சொல்லித்தான் தெரியும். யன்னல் ஓரத்தில் வீணையை நிறுத்தி, இடுப்புப் பட்டியைக் குடத்துக்குக் குறுக்கே போட்டாளாம். புறப்படுமுன் பணியாளர் தலைகளை எண்ணினார். பட்டியலில் ஒன்று கூட, ஆட்களில் ஒன்று குறைய. மூன்று தரம் எண்ணினார். மூன்றாம் தரம் ஒரு கிழவர் எரிச்சலோடு, “தம்பி, உந்த மரத்தையும் சேத்து எண்ணு, நேரம் போகுது” என்றாராம்.

இரண்டு கிழமையில் பூமணி அக்காவின் கடிதம் எனக்கு வந்தது.

“ரெண்டு தவமணியும் வந்து சேர்ந்தினம். மூண்டாவது மெட்டில மெழுகு கொஞ்சம் வெடிச்சிருக்கு, மற்றபடி சுகம். உங்கட முடிச்சு அவிக்கத்தான் ஒரு பின்னேரம் போச்சு. முதல் நாள் சுருதி சேத்துப்போட்டு விட்டிட்டன். ரெண்டாம் நாள் வாசிச்சன். ரெண்டு இடத்தில பிழைச்சுது. தவம் பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், திருத்தேல்ல. சின்ன வயசில இருந்து அவள் என்னைத் திருத்தாமல் விட்டது இதுதான் முதல் தரம்.”

அடுத்த கிழமை தவமணி திரும்பி வந்தாள். கையில் பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டான் இரண்டு, ஒன்று மெனிக்கேக்கு. விமானத்தில் அவளுக்குப் பக்கத்து ஆசனம், நாங்கள் எடுத்துவைத்த ஆசனம், காலியாக வந்தது. நடுவழியில் யாரோ ஒருவர் வந்து, யன்னல் பக்கம் ஆளில்லைத்தானே, இருக்கட்டோ என்று கேட்டாராம்.

“என்ன சொன்னனி?” என்று கேட்டேன்.

“ஆள் இருக்கு எண்டன்.”

காலி ஆசனங்கள் பற்றி ஒரு விதி இருக்கிறது. நான் சொல்லவில்லை.

திரும்பி வராதவர்

ஒரு மாதம் கழித்து, காலை பத்து மணியளவில், சார்ஜன்ட் தனியாக வந்தார். இந்த முறை தொப்பியை வாசலிலேயே கழற்றிவிட்டார். கதிரையில் அமர்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்து, தொண்டையைச் செருமினார்.

அமைச்சிலிருந்து தாள் வந்திருக்கிறது. இந்த விலாசத்திலிருந்து வடக்கே போனவர்கள் இருவர். திரும்பும் சீட்டும் இருவருக்கு. திரும்பியது ஒருவர். மற்றவர் எங்கே, ஏன் வரவில்லை?

“எனக்குத் தெரியும், மாத்தையா. ஆனால் தாளுக்குத் தெரியாது” என்றார்.

பேனாவை எடுத்தேன். இப்போது இருக்கும் இடம்: யாழ்ப்பாணம். யாருடன்: சகோதரி. திரும்பாததற்குக் காரணம் என்ற கட்டம் வந்ததும், தேநீர்க் கோப்பையை எடுக்க வந்த தவமணியைப் பார்த்தேன்.

“அக்காவின்ர முறை எண்டு எழுதுங்கோ.”

சார்ஜன்டுக்கு மொழிபெயர்த்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். எழுதுங்கள் என்று கையால் காட்டினார்.

கடைசிக் கட்டம்: திரும்பும் உத்தேசத் திகதி.

தவமணி கோப்பையோடு நின்றுவிட்டாள். முன்னறை மூலையில், வீணைப் பாய் விரித்திருந்த இடத்தில் மட்டும் சிவப்புச் சீமெந்து நிறம் மங்காமல் நாலடி நீளத்துக்கு இருந்தது. அதைப் பார்த்தாள். அக்காவுக்கு எழுபது நெருங்குகிறது. இவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. மூன்று வருஷம் என்று சொல்வாளா, முப்பத்தொன்று என்று சொல்வாளா என்று நான் பேனாவோடு காத்திருந்தேன்.

கோப்பையைக் கழுவச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

பேனாவை மூடி, கையெழுத்து வைத்த தாளைச் சார்ஜன்டிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் நின்றார்.

“மாத்தையா, ஒரு கட்டம் விட்டுப் போயிருக்கிறது.”

“தெரியும்” என்றேன்.

சார்ஜன்ட் தாளைத் திருப்பி, பின் பக்கத்தையும் பார்த்தார். அங்கேயும் நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.